வெள்ளிக்கிழமை சத்தம்

திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்குக் காலையில் அலாரம் தேவைப்பட்டதில்லை. பால்காரர் போன கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா தன் வேனின் ஹாரனை நீளமாக ஒரு முறை அடிப்பார். அடுத்து ஹெட்லைட் எரியும். வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கீச்சென்று போய் வரும். எல்லாம் வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகுதான் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, "பிஸ்மில்லா" சொல்லிச் சாவியைத் திருப்புவார்.

வேன் எங்கும் போகாது. அவருக்கு ஓட்டத் தெரியாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்துச் சின்ன வெங்காயம் உரிப்பார். உரித்து முடித்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறிவிட்டது என்று கணக்கு. குழம்புக்கு வெங்காயம் குறைவாகப் போதும் என்கிற நாளில் பேட்டரிக்கும் குறைவாகத்தான் கிடைக்கும்.

"ஹாரன் எதுக்குக்கா தெனமும்? தெருவே எழுந்து உக்காருது" என்று ஒரு முறை கேட்டேன்.

"அது நல்லாக் கத்துனாத்தான் தம்பி பேட்டரி தெம்பா இருக்குதுன்னு அர்த்தம். கொரல் கம்மிச்சின்னா ஒடம்பு சரியில்லன்னு தெரிஞ்சிக்கலாம்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் வண்டி வைத்துப் பிழைப்பவன்தான். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டைகளை ஏற்றி விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டுபோகிற டீசல் லோடு வண்டி. நிற்கிற வண்டியை ஸ்டார்ட் செய்ய இழுக்கிற கரண்ட்டே வெங்காயம் உரிக்கிற நேரத்தில் திரும்ப ஏறாது. அதற்கு மேல் ஹாரன், ஹெட்லைட், வைப்பர் என்று தினமும் பரிசோதனை நடந்தால் பேட்டரி இறங்கிக்கொண்டேதான் போகும். வண்டி ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். இல்லையென்றால் பேட்டரியின் மைனஸ் ஒயரையாவது கழற்றி வைக்க வேண்டும். இதை அவரிடம் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. சொன்னால், "அப்ப நீயே ஓட்டிட்டு வாயேன் தம்பி" என்று கேட்டுவிடுவாரோ என்று பயம்.

ஏனென்றால் ஓட்டுகிறேன் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தவன் நான்தான்.

அக்காவின் கணவரை நாங்கள் பாய் என்போம். சவூதியில் வேலை. ஒரு லீவில் வந்தபோது எட்டுப் பேர் உட்காரும் அந்தப் பெட்ரோல் வேனை வாங்கினார். ஒரேயடியாக ஊருக்கு வந்த பிறகு பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவக்கரைக் கோயிலுக்கு ஆள் ஏற்றலாம், மற்ற நாளில் பாண்டிச்சேரிக்குச் சவாரி அடிக்கலாம், இனி எவனிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்பது அவர் திட்டம். திரும்பிப் போகிற அன்று சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டு என் தோளில் கை போட்டார்.

"வாரத்துக்கு ஒரு தபா ஓமந்தூர் வரைக்கும் ஓட்டிட்டு வந்துடுடா. நிக்க வச்சா பேட்டரி செத்துடும். நான் வந்து உக்காந்தா ஜல்தியா கெளம்பணும்."

"நான் இருக்கேன் பாய், கவலப்படாதீங்க" என்றேன். கொஞ்ச வாரம் ஓட்டவும் செய்தேன். பிறகு மல்லாட்டை சீசன் வந்தது. அதன் பிறகு நெல் வந்தது. அதற்குப் பிறகு காரணம் என்று எதுவும் இல்லை, சோம்பேறித்தனம்தான். அக்கா ஒரு நாளும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் ஹாரன் சத்தம் கேட்டது. அவரே சாவியை எடுத்துவிட்டார் என்று புரிந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அவருடைய குணம் என்னவென்று தெரிய வேண்டுமானால் அவர் போன் பேசுவதைப் பார்க்க வேண்டும். தூரத்தில் இருப்பவருக்குக் கெட்ட சேதி போகக் கூடாது. அதில் அவரை அசைக்க முடியாது. "அங்க இருந்துக்கினு அவரு இன்னா பண்ணப்போறாரு?" என்பார். எதற்கும் அதுதான் பதில்.

ஒரு புயலுக்கு மறுநாள் அவர் வீட்டு முருங்கை மரம் சாய்ந்து மதில் விழுந்துவிட்டது. சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர். நானும் என் மனைவியும் பக்கெட்டில் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து பாய் கூப்பிட்டார். அக்கா எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

"மழையாங்க? லேசாத் தூறிச்சி. துணிதான் காயல."

பேசி முடிக்கிறவரை தண்ணீருக்குள் காலை அசைக்காமல் நின்றார். தண்ணீர்ச் சத்தம் சவூதிவரை கேட்டுவிடுமாம்.

இன்னொரு முறை கடுமையான ஜுரம் வந்து ஆஸ்பத்திரியில் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. போன் வந்தது. பின்னால் நர்ஸ், "மாத்திர வாங்காதவங்க யாரு, வந்து வாங்கிக்கோங்க" என்று கத்தினார். "அது டிவிங்க. நாடகத்துல ஆஸ்பத்திரி சீன் ஓடுது" என்றார் அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். நர்ஸே சிரித்துவிட்டார். நானும் என் மனைவியும் வீடு வரும்வரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது நினைத்தால், அன்றைக்குச் சிரித்ததும் தப்புதான் என்று படுகிறது.

முகம் தெரிகிற வீடியோ கால் மட்டும் எடுக்க மாட்டார். நெட் சரியில்லை என்பார். "மொகத்தப் பாத்தா கண்டுபுடிச்சிடுவாரு தம்பி. பொல்லாதவரு" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

முகம் பார்க்க முடியாத பாய் வண்டிச் சத்தத்தைக் கேட்டார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஜும்மா தொழுது, சாப்பிட்டுவிட்டு, நம் ஊரில் வெயில் தாழ்கிற நேரத்தில் கூப்பிடுவார். எல்லா விசாரிப்பும் முடிந்ததும், "எங்க, வண்டியப் போடு, கேப்போம்" என்பார். அக்கா சாவியைத் திருப்பிவிட்டு இறங்கி, வேனின் முன்பக்கம் போய்ப் போனைப் பிடிப்பார். அங்கே ஒரு மனிதர் அடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு தன் வண்டி ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். "ம்ம், நல்லா இருக்குது" என்று அவர் சொன்னதும் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை காலையில் ஹாரன் கேட்கவில்லை. நான் மூட்டைகளை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மதில் ஓரம் வந்து நின்றார்.

"கொரல் கம்மிப்போச்சி தம்பி. கிக்குனு ஒரு சத்தம், அதோட நின்னுட்ச்சி. பேட்டரிய எறக்கிக் குடுத்தியானா ஆட்டோல வச்சிக் கடைக்கு எடுத்துக்கினு போயிடுவேன். நாளைக்கி வெள்ளிக்கெழம."

"விழுப்புரத்துக்கு நேரமாச்சுக்கா. சாயந்தரம் வந்து எறக்கித் தர்றேன்."

"சரி, நீ போய்ட்டு வா."

கமிட்டியில் அன்று வரிசை நீளம். எடை போட்டுத் திரும்ப இருட்டிவிட்டது. சாப்பிட்டேன், படுத்தேன். பேட்டரி ஞாபகமே வரவில்லை. மறுநாள் விடிந்ததும் வேறு ஒரு லோடு. மத்தியானம் திரும்பி வந்தபோது அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வலது கால் பெருவிரலில் பழைய புடவைத் துணி சுற்றியிருந்தது. அவரே ஸ்பேனர் வைத்துக் கழற்றி, தூக்கி இறக்கும்போது பேட்டரி கை நழுவிக் காலில் விழுந்திருக்கிறது. அந்தக் காலோடு ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போய்க் கொடுத்துவிட்டும் வந்திருக்கிறார்.

"ஒண்ணுமில்ல தம்பி, நகம் பேந்துடுச்சி. அது கெடக்குது. கடைக்காரரு ஒரு நாள் முழுக்க சார்ஜ்ல போடணுங்கிறாரு. இப்ப போன் வந்துடுமே, நான் இன்னா பண்ணுவேன்?"

அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நிமிடம் அவர் காலைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஏதாவது செய்து என் மனசைக் கழுவிக்கொண்டால் போதும் என்றிருந்தது. அதனால், "என் வண்டியப் போடட்டுமாக்கா?" என்று கேட்டவனே நான்தான்.

போன் வந்தது. "எங்க, வண்டியப் போடு" என்றார் பாய். நான் என் லோடு வண்டியின் சாவியைத் திருப்பினேன். அக்கா நொண்டி நொண்டி வந்து போனைப் பிடித்தார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ம்ம், நல்லா இருக்குது" என்றார்.

பேட்டரி அதற்குப் பிறகு பிழைக்கவில்லை. சார்ஜ் நிற்கவில்லை, புதுசுதான் போட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். புதுசு என்றால் பாயிடம் சொல்ல வேண்டும். அக்கா சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் என் வண்டிதான் கத்தியது. அதற்கடுத்த வெள்ளியும் அதேதான். விழுப்புரத்தில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, விக்கிரவாண்டி டோல்கேட்டில் நிற்கிற வண்டிகளைத் திட்டிக்கொண்டே சரியான நேரத்துக்கு வந்து சேர்வேன். வாரத்துக்கு ஒரு தடவை ஓமந்தூர் போய்வர நேரம் இல்லாதவனுக்கு, வாரத்துக்கு ஒரு தடவை பொய் சொல்ல எப்படியோ நேரம் கிடைத்தது. அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அக்காவுக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

காயம் ஆறவில்லை. அவர் வீட்டில் எந்நேரமும் சாம்பிராணி மணக்க ஆரம்பித்தது. என் மனைவிதான், "அது எதுக்குன்னு தெரியலயா உனக்கு?" என்று கேட்டாள். ஒரு நாள் துணி மாற்றும்போது பார்த்துவிட்டேன். விரல் கறுத்து, பாதம் வீங்கியிருந்தது.

"பாய்கிட்ட சொல்லிடலாங்க்கா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

"ஆறிக்கினுதான் இருக்குது. அங்க இருந்துக்கினு அவரு இன்னா பண்ணப்போறாரு? வேலைய வுட்டுட்டு ஓடியாருவாரு. வாயத் தொறந்துடாத தம்பி, உன்ன நம்பித்தான் இருக்கேன்."

அந்த வாரம் என் வண்டிச் சத்தத்தைக் கேட்டு முடித்த பாய், போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"அக்கா எப்பிடிடா இருக்குது?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா இருக்காங்க பாய்."

அதைச் சொல்ல நான் துளியும் தயங்கவில்லை. பல வாரமாக இன்ஜினை வைத்துப் பொய் சொல்லிப் பழகிய வாய்க்கு அது சுலபமாக வந்தது. இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அந்தப் பொய்கூட இல்லை, அது அவ்வளவு சரளமாக வந்ததுதான்.

சில நாளில் அக்கா குளிர் ஜுரத்தில் நினைவு தப்பி விழுந்தார். எட்டுப் பேர் உட்காரும் வேன் பேட்டரி இல்லாமல் தார்ப்பாய்க்குள் நின்றது. என் லோடு வண்டியின் முன் சீட்டில், மல்லாட்டைத் தூசிக்கு நடுவில், என் மனைவியின் மேல் சாய்த்து விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உயிர் தப்பியது. வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

"நீ பாய்கிட்ட முன்னாடியே சொல்லியிருப்பேன்னுதான நான் சும்மா இருந்தேன். உன் வாய்ல இன்னா, கொழுக்கட்டையா?" என்று என் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டாள். அப்போதுதான் பாய்க்குப் போன் செய்தேன்.

பாய் வந்தார். அக்காவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மொத வாரமே தெரியும்டா எனக்கு" என்றார். "அது டீசல் சத்தம். என் வண்டி சத்தம் எனக்குத் தெரியாதா? பேட்டரி போயிருக்கும், சொல்றதுக்குப் பயந்துக்கினு இருக்குறா, கெடக்கட்டும், வண்டிதானேன்னு வுட்டுட்டேன். வண்டிய மட்டும்தான் மறைக்கிறான்னு நெனச்சிக்கினேன்."

தெரியாதது மாதிரி அவர் அங்கே படுத்துக் கேட்டிருக்கிறார். நாங்கள் இங்கே வண்டியைக் கத்த விட்டிருக்கிறோம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கஷ்டப்படுத்தக் கூடாது என்றுதான் பார்த்தோம்.

சவூதியில் ஒப்பந்தம் முடியாததால் பாய் திரும்பிப் போக வேண்டியிருந்தது. போகுமுன் அக்காவைக் கோட்டக்குப்பத்தில் அக்காவின் சொந்தத் தம்பி வீட்டில் விட்டார். வேனுக்குப் புது பேட்டரி போட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். ஏன் என்னிடம் கொடுத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தண்டனை என்றால் அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் ஓமந்தூர் போய்த் திரும்புகிறேன். வெளியூர் போனால் மைனஸ் ஒயரைக் கழற்றி வைக்கிறேன். சாயங்காலம் பாய் என்னைக் கூப்பிடுவார், "எங்க, போடு" என்பார், நான் போனைப் பிடிப்பேன். அக்காவும் அவ்வப்போது பேசுவார். "வண்டியப் பத்தரமாப் பாத்துக்கோ தம்பி. உன் மேல தப்பு ஒண்ணுமில்ல, நீ எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கெடக்குற?" என்று என்னையே தேற்றுவார். அதைக் கேட்க இன்னும் பேஜாராக இருக்கும்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அக்காவே கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தம்பி, இடது கால்ல கொப்புளம் மாதிரி ஒண்ணு. தண்ணியா வடியுது. சுடுதண்ணி ஊத்திக்கினு இருக்கேன், சரியாயிடும். இங்க என் தம்பிக்கும் தெரியாது. அவரு கேட்டாருன்னா எதுவும் உளறிடாத."

"ஆஸ்பத்திரிக்குப் போங்க்கா."

"போறேன், போறேன். அவருக்குச் சொல்லாத, அவ்ளோதான். அங்க இருந்துக்கினு அவரு இன்னா பண்ணப்போறாரு?"

சாயங்காலம் பாய் கூப்பிட்டார். வேனை ஸ்டார்ட் செய்து போனைப் பிடித்தேன். பெட்ரோல் இன்ஜின் பூ மாதிரி ஓடியது. "நல்லா இருக்குதுடா" என்றார். "அக்காகிட்ட பேசுனியா? எப்பிடி இருக்குது?"

நல்லா இருக்காங்க பாய் என்று நாக்கின் நுனியில் வந்து நின்றது. உன்ன நம்பித்தான் இருக்கேன் என்று அக்கா முன்பு சொன்னதும் காதில் கேட்டது. கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன்.

"பாய், இன்னொரு கால்லயும் புண்ணு வந்திருக்குதாம்" என்றேன்.

அங்கே இருந்துகொண்டு அவரால் செய்ய முடிந்தது நிறைய இருந்தது. அடுத்த நிமிடமே மச்சானைக் கூப்பிட்டிருக்கிறார். அன்றைக்கே பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். கால் பிழைத்தது.

அக்கா மறுவாரம் கூப்பிட்டார். "உன்ன நம்பித்தான சொன்னேன்?" என்று கேட்டார். நான் பதிலுக்கு வாயைத் திறக்குமுன் வைத்துவிட்டார். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ரம்ஜானுக்கு என் மனைவிக்குப் பிரியாணி கொடுத்து அனுப்பினார், அவள் பேரைச் சொல்லி. சொல்லாமல் இருந்ததற்கு ஒரு பாதம், சொன்னதற்கு ஒரு அக்கா. எது சரி என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் குற்ற உணர்ச்சி இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது.

போன வெள்ளிக்கிழமை பாய் லீவில் கோட்டக்குப்பத்தில் இருந்தார். ஊரில் இருந்தாலும் பழக்கம் விடவில்லை போல, அதே நேரத்துக்குக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பின்னால் பாத்திரச் சத்தம், குழந்தைகள் சத்தம்.

"எங்க, போடுடா, கேப்போம்."

சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. போனை முன்பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தேன். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. அக்காவின் குரல் கேட்டது, என்னிடம் இல்லை, அவரிடம்.

"எந்த வண்டின்னு கேளுங்க."

பாய் கேட்கவில்லை. சிரித்தாரா என்றும் தெரியவில்லை. போனை இன்ஜினுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"உங்க வண்டிதாங்க்கா" என்று கத்தினேன்.

பதில் வரவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை. நான் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.